பால் வண்டியிலிருந்து நீண்ட கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதி, கிழித்து, அடுப்பில் போட்டதும் உண்டு. எப்படி எழுதினாலும் ஒன்று என் வீட்டுக்காரர் மேல் பழி விழுகிறது, இல்லையென்றால் மாப்பிள்ளை மேல் விழுகிறது. இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். யார் மனசும் நோகாமல் எழுதுகிற சாமர்த்தியம் எனக்கு வராது. இந்த வருஷம் ஈஸ்டருக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, அவர்கள் இரண்டு பேருமே "எழுது, நாலு பேருக்கு உதவும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இப்போது துணிந்து எழுதுகிறேன். பெயர் மட்டும் யாருக்கும் போடவில்லை.

கொரோனா அடங்கி ஊர் வழக்கத்துக்கு வந்த காலம். மாதா திருநாளுக்கு முந்தின வாரம். நாங்கள் இருப்பது மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில். நான் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் ஜீப் வைத்துக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிறார். ஒரே மகள். அவளைச் சித்தூர் பக்கம், பாலக்காட்டுக்குக் கிழக்கே கட்டிக் கொடுத்திருக்கிறோம். வயலும் தென்னையுமாக வெயில் காயும் ஊர். பேச்சும் வேறு. நாங்கள் 'ஏலே, வாலே' என்று கத்திப் பேசுகிறவர்கள். மாப்பிள்ளை வீட்டிலோ நாய்க்குட்டியைக் கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவ்வளவு மரியாதை.

மாப்பிள்ளைக்கு கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. பீடி, சிகரெட், குடி ஒன்றும் கிடையாது. கார் பைத்தியம் ஒன்றுதான். யாரோ பெரிய வீட்டில் பல வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, பெயிண்ட் அடித்து, சீட் மாற்றி, புது டயர் போட்டு, அதைக் கல்யாணம் முடிக்கப்போகிற பெண் மாதிரி வைத்திருந்தார். சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பின்னால் சீட் இருக்கிறது என்றுதான் பேர், அதில் மனுஷன் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். எஞ்சின் மட்டும் பழையதேதான். "நல்லா ஓடுதுங்க, அதை எதுக்குத் தொடறது" என்று விட்டுவிட்டாராம்.

மகளுக்கு ஏழு மாசம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று அந்தக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஜீப்பில் கொண்டு வந்தால் தூக்கித் தூக்கிப் போடும், இது மெத்தை மாதிரி போகும் என்றார். உண்மைதான். லயத்து ஜனம் எல்லாம் வந்து காரைத் தடவிப் பார்த்தது.

மறுநாள் காலையில் மகளை மூணாறில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாம் என்று நாலு பேரும் கிளம்பினோம். மாப்பிள்ளை வண்டியை ஓட்டினார், பக்கத்தில் மகள். நானும் வீட்டுக்காரரும் பின்னால் மடங்கி உட்கார்ந்திருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் முழுக்க மஞ்சு, வெள்ளையாகப் பனிமூட்டம். கிளம்பும்போது வழக்கம் போல நெற்றியில் சிலுவை போட்டேன். அதோடு என் பக்தி முடிந்தது. வீட்டுக்காரர் காலை நீட்ட முடியாமல் புலம்பியதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு சின்ன மேடு ஏறும்போது முன்னால் ஏதோ 'டப்' என்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஈரத் துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். அப்படியே எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி ஓடின வேகத்திலேயே மேட்டின் உச்சிக்கு வந்து, ஓரமாக நின்றது. அந்தப் பக்கம் முழுக்க இறக்கம்.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றுகிற சத்தம் கேட்டது, ஆனால் வழக்கமான சத்தம் இல்லை. பிடிமானமே இல்லாமல், காற்றில் சுற்றுகிற மாதிரி லேசாகச் சுற்றியது. அவர் முகம் மாறிவிட்டது. அதை நான் பின்னால் இருந்து கண்ணாடியில் பார்த்தேன்.

"மாமா, இது சரியில்லீங்க. உள்ள என்னமோ போயிருச்சுங்க. யாரையாச்சும் கூப்பிட்டு இழுத்துட்டுப் போயிரலாமுங்க" என்றார்.

போனில் சிக்னல் இல்லை. வீட்டுக்காரர் சிரித்தார்.

"மாப்ளே, இதுக்கா பயப்படுதீக? நல்ல இறக்கத்துல வந்து நிக்கி. ரெண்டாவது கியர்ல போட்டு உருட்டிவிட்டா பிடிச்சிரும். நான் எம்புட்டு வண்டியைக் கிளப்பிருக்கேன்!"

எங்கள் மலை வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் பழைய ஜீப் வைத்திருக்கிற யாரும் சாவி போட்டு வண்டி எடுப்பது அபூர்வம். ராத்திரி வண்டியை இறக்கத்தில் மூக்கை நீட்டி நிறுத்துவார்கள். காலையில் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்துவிட்டால் தானாக உருளும், கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். குளிரில் பேட்டரி செத்துப் போகும் ஊர் இது. வண்டி நின்றால் இறக்கத்தைத் தேடு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். என் வீட்டுக்காரர் கையில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். "இல்லீங்க மாமா, இந்த வண்டி வந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வீட்டுக்காரர் இறங்கத் தயாராகிவிட்டார். அந்தக் காரில் பின்னால் இருக்கிறவர் இறங்க வேண்டுமானால் முன்னால் இருக்கிறவர் இறங்கி, சீட்டை மடக்கி வழிவிட வேண்டும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவர் தவழ்ந்து வெளியே போனார். "நீ நனையாத தாயீ, உள்ள இரு. அட்டை வேற ஏறும்" என்று அவளை மறுபடியும் உட்கார வைத்தார். நானும் இறங்கியிருக்கலாம். முழங்கால் வலியில், தவழ்ந்து இறங்கி மறுபடி தவழ்ந்து ஏற வேண்டுமே என்று அப்படியே இருந்துவிட்டேன்.

மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டியபடியே தேயிலைச் செடிக்கு நடுவே இறங்கி வந்தார்கள்.

"ஏன்க்கா, பாக்கத்தான் ராக்கெட்டு மாதிரி இருக்கு. தள்ளுததுக்கு நாங்க வேணுமாக்கும்?" என்றாள் ஒருத்தி.

"சும்மா தள்ளுடி, மாப்ள வீட்டு வண்டி. கறிச்சோறு போடுவாக" என்றாள் இன்னொருத்தி.

மகள் சிரித்தாள். மாப்பிள்ளை கூட கொஞ்சம் சிரித்தார். எல்லாரும் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளினார்கள். வண்டி உருண்டது.

கொஞ்சம் வேகம் எடுத்ததும் மாப்பிள்ளை கிளட்சை விட்டார். முன்னால் 'கடகடகட' என்று ஒரு சத்தம். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. வண்டி குலுங்கியது, பிடிக்கவில்லை. பின்னால் ஓடிவந்துகொண்டே வீட்டுக்காரர், "இன்னொரு தடவை! இன்னொரு தடவை விடுங்க!" என்று கத்தினார். மறுபடி விட்டார். இந்தத் தடவை ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கியரில் போட்டாலும் வண்டி அடங்கவில்லை.

அவர் பிரேக்கை மிதித்தார். கொஞ்சம் அடங்கியது. விட்டு மறுபடி மிதித்தார், இன்னும் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது தடவை மிதித்தபோது அவர் முதுகு விறைத்து சீட்டில் அழுந்தியது. வண்டி கேட்கவில்லை.

"அத்தைங்க... பிரேக்கு கல்லு மாதிரி ஆயிருச்சுங்க" என்றார். அந்த நேரத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. அதை இப்போது நினைத்தால் எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

எஞ்சின் ஓடினால்தான் அந்த மாதிரிக் காருக்கு பிரேக்கும் ஸ்டீரிங்கும் லேசாக இருக்குமாம். எஞ்சின் செத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் இறுகிவிடுமாம். எங்கள் ஜீப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அது எப்போதுமே இறுக்கம்தான். அதனால் எங்களுக்கு அது தெரியவில்லை. மாப்பிள்ளைக்கோ எஞ்சின் அணைந்த காரை மலை இறக்கத்தில் ஓட்டிப் பழக்கமில்லை. அவர் ஊரில் ஏது இறக்கம்?

முதல் வளைவு வந்தது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்து, உடம்பையே சாய்த்து இழுத்தார். வண்டி வளைந்தது. என் ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரியவில்லை, மஞ்சு மட்டும்தான் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தார். கருகின வாசனை வந்தது. வண்டி ஒரு நொடி தயங்கி, மறுபடி உருண்டது.

எனக்குக் கதவு கிடையாது. இதை எப்படிச் சொன்னாலும் அந்தப் பயம் உங்களுக்கு வராது. மகளை வெளியே தள்ளிவிடலாமா என்று கூடத் தோன்றியது. ஏழு மாச வயிற்றோடு யாரைத் தள்ளுவது? முன் சீட்டுக்கு மேலே கையை நீட்டி, அவள் வயிற்றுக்கு முன்னால் என் இரண்டு கையையும் கோர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் "அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் கால் பிரேக்கிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளை முன்னால் நின்று பேசுவதே கிடையாது. 'சாப்பிடச் சொல்லு', 'காபி வேணுமான்னு கேளு' என்று மகளிடம்தான் சொல்வேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அப்படிப்பட்ட நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏலே, காலை எடுக்காதலே! மிதி! ஏறி மிதிலே! ஹாரனை அடி!"

அவர் எழும்பி நின்ற மாதிரி இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து மிதித்தார். வேகம் கூடாமல் நின்றது, ஆனால் குறையவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினார். லைட்டையும் போட்டார்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் கேன்களை நிறுத்திக் கயிறு கட்டி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த பிக்கப். இதில் மோதித்தான் சாகப் போகிறோம் என்று நினைத்தேன். வலது பக்கம் ஒதுங்கிப் போகலாம் என்றால் எதிரே என்ன வருகிறதென்று தெரியாத வளைவு. இடது பக்கம் பள்ளம்.

பால் வண்டிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரை மிதித்து விலகி ஓடியிருப்பார்கள். அப்படி ஓடியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் ஓடவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. ஒரு சட்டைக் கை, முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது. அந்தக் கை எங்களைப் பார்த்து, வா, வா, இன்னும் வா என்று அசைந்தது.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "என்னங்க சொல்றாரு, என்னங்க சொல்றாரு" என்று அழுகிற குரலில் கேட்டார். எனக்கும் புரியவில்லை. மகள்தான், "அவர் மேல போய் முட்டச் சொல்றாரு, விடுங்க, நேரா விடுங்க!" என்றாள்.

பால் வண்டி எங்கள் வேகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நெருங்கினோம். இடித்தோம். இடித்து விலகினோம். கேன்கள் ஒன்றோடு ஒன்று மோதின. மறுபடி இடித்தோம். இந்தத் தடவை அவர் எங்களை விடவில்லை. எங்கள் வண்டியின் மூக்கு அவர் வண்டியின் முதுகில் அழுந்தி ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிக்கொண்டே, அவர் தன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். டயர் கிறீச்சிட்டது. ஒரு கேன் சரிந்து மூடி திறந்து, பால் முழுக்க எங்கள் கண்ணாடியில் கொட்டியது. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வெள்ளை. செத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

பிறகு எல்லாம் நின்றது.

கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளை இன்னும் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே இருந்தார். வெளியே கல் உருட்டுகிற சத்தம் கேட்டது. பால் வண்டிக்காரர் தன் சக்கரத்துக்கும் எங்கள் சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார். நடுத்தர வயசு, மலையாளி. திறக்கும்போது அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. யாரடா இவன், இறக்கத்தில் இப்படி வண்டி ஓட்டுகிறவன் என்கிற மாதிரி திட்ட ஆரம்பித்தார். மகள் வயிற்றைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பிள்ளை அசையலைம்மா. காலையில இருந்து உதைச்சிட்டே இருந்துச்சு. இப்ப அசையலை."

வண்டி நின்றதும் பயம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

பால் வண்டிக்காரர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளையை வண்டியோடு நிற்கச் சொன்னார். மகளையும் என்னையும் பிக்கப்பின் முன் சீட்டில் ஏற்றினார். கேன் கட்டின கயிறு அவிழ்ந்து கிடந்தது, அதைக் கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பேடிக்கண்டா சேச்சி" என்றார் என்னிடம், பயப்படாதீங்க அக்கா என்று. அந்த மலைப்பாதையில் அவர் எங்களைக் கொண்டுபோனது போல் அத்தனை பதமாக நான் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கூட நடந்ததில்லை. குழி வந்தால் நின்று வண்டியை மெல்ல இறக்கினார். நேர்ப்பாதை வந்தால் பறந்தார். வழி முழுக்க மகள் வயிற்றில் கை வைத்துக் கொண்டு, "அசை, அசைடா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். என் கையும் அங்கேதான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் வயிற்றில் எண்ணெய் மாதிரி எதையோ தடவி, குழந்தையின் இதயத்தைக் கேட்கிற மிஷினை வைத்தார். கரகர என்று இரைச்சல். தள்ளி வைத்தார். இரைச்சல். இன்னும் கீழே வைத்தார். அதே இரைச்சல். நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து, மிஷினை வாங்கி, விலாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இரைச்சலுக்குள்ளே இருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி, டக்டக்டக்டக் என்று.

"புரண்டு படுத்திருக்கு, அவ்வளவுதான். நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வெளியே ஓடிவந்து பார்த்தேன். பால் வண்டி இல்லை. வாசலில் வெள்ளையாகச் சொட்டியிருந்தது, மழை அதையும் கழுவிக்கொண்டிருந்தது. அவர் பேரைக் கூட நான் கேட்கவில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றும் தெரியாது. பிறகு பால் எடுக்கிற இடங்களில் எல்லாம் விசாரித்தோம். அன்றைக்கு வழக்கமான ஆள் வரவில்லை, வேறு யாரோ மாற்றாள் ஓட்டினார் என்றார்கள். அதற்கு மேல் துப்பு கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவருடைய ஜீப்பில் வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார். செருப்பு எங்கேயோ போய்விட்டது, காலெல்லாம் ரத்தம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னதும், வராந்தாவில் எல்லாரும் பார்க்க, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான்தான் தள்ளச் சொன்னேன் மாப்ளே. எம்பிள்ளையை நானே தள்ளிவிட்டேன்."

"இல்லீங்க மாமா. எனக்கு வேண்டாம்னு தெரிஞ்சுதுங்க. உங்க பேச்சை மீற வாய் வரலீங்க. தப்பு என்னுதுங்க."

இரண்டு பேரும் பழியை நீயா நானா என்று பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களை அந்த இறக்கத்தில் தள்ளியது வண்டியும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. மரியாதை. மருமகன் மாமனாரிடம் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை பலமாகச் சொல்ல முடியாத மரியாதை. மாப்பிள்ளை முகம் மாறினதைப் பார்த்தும் மாமியார் வாய் திறக்காத மரியாதை.

அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறதாம், டைமிங் பெல்ட் என்று பேர். எஞ்சினின் மேல் பாகமும் கீழ்ப் பாகமும் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஒழுங்காக ஓடுவது அதனால்தான். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் அந்த ரப்பருக்கு வயசாகி, வெடித்து, ஒருநாள் அறுந்துவிடுமாம். பழைய வண்டி வாங்கினால் நன்றாக ஓடுகிறது என்று விடாமல் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அறுந்த பிறகு சாவியைத் திருப்புவதே தப்பாம், இதில் இறக்கத்தில் வேறு உருட்டியிருக்கிறோம். வால்வு எல்லாம் வளைந்து போயிருந்தது. மாப்பிள்ளை அதை விற்கவில்லை. மாசக்கணக்கில் ஒவ்வொன்றாக மாற்றி, சரி செய்து வைத்திருக்கிறார். பேத்தி இப்போது அதே பின் சீட்டில் ஏறிக் குதிக்கிறாள். நான் மட்டும் இன்னும் அதில் ஏறவில்லை.

மாப்பிள்ளையிடம் இப்போது நேராகத்தான் பேசுகிறேன். 'ஏலே' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்ட பிறகு என்ன ஒளிவு மறைவு? அவரும் இப்போது மாமனாரிடம், "அது வேண்டாமுங்க மாமா, நான் சொல்றதைக் கேளுங்க" என்று குரலை உயர்த்துகிறார். அப்படி அவர் உயர்த்தும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதைத்தான் எழுதக் கை வரவே இல்லை.

பேத்தியின் ஞானஸ்நானத்தில் இந்தக் கதையை யாரோ சொன்னார்கள். நான் ஜெபமாலையைக் கையில் பிடித்துச் சொல்லச் சொல்ல வண்டி தானாகவே நின்றது என்று சொன்னார்கள். பிறகு ஜெபக் கூட்டங்களில் அது வளர்ந்தது. பால் வண்டிக்காரரே காணாமல் போனார், அந்த இடத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்து, "உங்க விசுவாசம் பெருசுக்கா" என்பார்கள். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். மறுத்துச் சொன்னால் சாமி காரியத்தைக் குறைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

உண்மை இதுதான். அந்த இறக்கத்தில் எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. தினம் சொல்கிற மாதாவின் பேர் வரவில்லை, ஆண்டவர் பேர் வரவில்லை. ஜெபமாலை பைக்குள்ளேயே கிடந்தது. என் வாயில் வந்ததெல்லாம் கத்தல். அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி, இவ்வளவுதானா என் பக்தி என்று அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நான் ஜெபம் செய்தேன் என்று சேர்க்காதீர்கள், அந்த மனுஷரை எடுத்துவிட்டு வெளிச்சத்தை வைக்காதீர்கள். கூப்பிடக் கூட மறந்துபோன ஒருத்திக்கு, மழையில் நனைந்த ஒரு சட்டைக் கை வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். என் விசுவாசம் முழுக்க இன்றைக்கு அந்தக் கையில்தான் நிற்கிறது.